சின்ன வார்த்தைக்கு ஒரு வக்காலத்து

போன மாதம் என் அக்கா மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் நர்ஸ். நான்கு வருஷம் படித்துத் தேறி, இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் நின்று, இப்போது இங்கிலாந்துக்குப் போய் வேலை பார்க்கலாம் என்று பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். பாஷை பழகவேண்டும் என்பதற்காகச் சின்னப் பிள்ளைகளுக்கான ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு தினம் பத்துப் பக்கம் படிக்கிறாள்.

"மாமா, 'புட்' என்றால் 'வை' என்றுதானே அர்த்தம்? 'டௌன்' என்றால் கீழே. இந்தக் கதையில் ஒரு கிழட்டு நாயை டாக்டர் 'புட் டௌன்' பண்ணுகிறார். நாயைக் கீழே இறக்கி வைத்ததற்கு எதற்காக வீடு முழுக்க உட்கார்ந்து அழுகிறது?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். குணப்படுத்த முடியாத நாய்க்கு மிருக வைத்தியர் ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவிடுவதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். அவள் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் 'யூதனேஸியா' என்று எழுதியிருக்கலாமே, மாமா. அது எனக்குத் தெரியுமே!" என்றாள்.

'யூதனேஸியா' தெரிகிறது, 'புட் டௌன்' தெரியவில்லை. கிரேக்கச் சொல் தெரிகிறது. அந்த ஊரில் எட்டு வயதுப் பிள்ளை சொல்லும் சொல் தெரியவில்லை. இதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை. அவள் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பயிற்சி வகுப்பில் கொடுத்த பட்டியல் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. இடது பக்கம் 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்' என்று வரிசையாக இருந்தன. வலது பக்கம் 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்குவிஷ்', 'டாலரேட்' என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெரிய வார்த்தை. அடியில் ஒரு குறிப்பு: நல்ல நடைக்கு வலது பக்கச் சொற்களையே கையாளவேண்டும்.

இந்தக் குறிப்பு எனக்குப் பழைய சிநேகிதம். பள்ளிக்கூடத்தில் மழைக்கால இரவைப் பற்றி ஒரு வியாசம் எழுதச் சொன்னார்கள். என் பாட்டி திண்ணை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வருவதை எழுதினேன். 'ஷி புட் அவுட் த லாம்ப்' என்று எனக்குத் தெரிந்த வார்த்தையைப் போட்டேன். உபாத்தியாயர் அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'எக்ஸ்டிங்குவிஷ்ட்' என்று எழுதினார். பாட்டி வாயால் ஊதி அணைத்த அகல் விளக்கு அது. தீயணைக்கும் படை மணியடித்துக்கொண்டு வந்து தண்ணீர் பீய்ச்சினாற்போல் ஆகிவிட்டது. இரண்டு மார்க்கும் குறைந்தது. அந்த இரண்டு மார்க்கை நான் இன்னும் மறக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காதவன். பட்டம் வாங்கவில்லை. ஆங்கிலத்தைப் பற்றிப் பேச உனக்கென்ன யோக்கியதை என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, ஒரு வார்த்தை ஓர் ஆளின் வாயில் உட்காருமா உட்காராதா என்பது மட்டும் தெரியும். தெரியாவிட்டால் பிழைப்பு நடக்காது. அந்த ஒரு தைரியத்தில்தான் பேசுகிறேன்.

ஆங்கிலத்தில் புட், கெட், கோ, கம், டேக், கிவ், செட், ரன் என்று சில குட்டி வினைச்சொற்கள் இருக்கின்றன. தனியாக வரும்போது அவை பரம சாது. பின்னால் 'அப்', 'டௌன்', 'இன்', 'அவுட்', 'ஆன்', 'ஆஃப்', 'அவே' என்று ஏதாவது ஒரு வினையடை வந்து ஒட்டிக்கொண்டதும் வேறு ஆளாகிவிடுகின்றன. இந்தச் சேர்க்கைக்கு 'ஃப்ரேஸல் வெர்ப்' என்று பெயர். 1925-ல் லோகன் பியர்ஸால் ஸ்மித் என்பவர் தம் புத்தகத்தில் இந்தப் பெயரை வழங்கினார்; ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது. பெயருக்கு நூறு வயது. சரக்குக்கோ பல நூறு வயது.

'புட்' ஒன்றையே எடுத்துக்கொள்ளுவோம். குடையை விரிப்பது 'புட் அப்'. வகுப்பில் கையைத் தூக்குவது, சுவரில் படம் மாட்டுவது, மனையில் வீடு எழுப்புவது, வாடகையை உயர்த்துவது, தேர்தலில் ஆளை நிறுத்துவது எல்லாம் 'புட் அப்'. ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்கு வீட்டில் இடம் கொடுத்துத் தங்கவைப்பதும் 'புட் அப்'. அந்த விருந்தாளி பத்து நாள் ஆகியும் பெட்டியைக் கட்டவில்லை, அவரைப் பொறுத்துக்கொள்ளுகிறோம். அப்போது பின்னால் ஒரு 'வித்' சேர்ந்து 'புட் அப் வித்' ஆகிவிடுகிறது. விருந்து உபசாரத்தின் முதல் நாளுக்கும் பதினோராவது நாளுக்கும் நடுவே ஒரே ஒரு குட்டி வார்த்தை. இதைவிடச் சுருக்கமாக ஒரு குடும்பக் கதையை என்னால் எழுத முடியாது.

'புட் ஆன்' என்றால் சட்டையைப் போட்டுக்கொள்வது. விளக்கைப் போடுவதும், அடுப்பில் கெட்டிலை ஏற்றுவதும், நாடகம் போடுவதும் அதுவே. உடம்பில் சதை போடுவதும் அதுவே. இல்லாத தலைவலியை இருப்பதாகப் பாவனை செய்வதும் அதுவே. ஆனால் போட்ட சட்டையைக் கழற்றுவது இன்றைய ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்' அல்ல, 'டேக் ஆஃப்'. ஒரு காலத்தில் 'புட் ஆஃப்' என்றே சொன்னார்கள். 1611-ல் வெளியான ஆங்கில பைபிளில் மோசேக்குப் பாதரட்சையைக் கழற்றும்படி கட்டளை வருகிற இடத்தில் இந்தச் சொல்தான் இருக்கிறது. பிற்பாடு ஜனங்கள் அந்த வேலையை 'டேக்' கையில் ஒப்படைத்துவிட்டு, 'புட் ஆஃப்' என்பதை வேறு காரியங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்த வேறு காரியங்களில் ஒன்றுதான் பட்டியலில் இருந்த 'போஸ்ட்போன்'. ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஏதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் 'புட் ஆஃப்'. சமையற்கட்டின் வாடையில் சாப்பாட்டின் மேலே வெறுப்புத் தட்டிப்போவதும் 'புட் ஆஃப்'. இந்த இரண்டாவது இடத்தில் 'போஸ்ட்போன்' என்று போட்டுப் பாருங்கள்! நாற்றம் என்னை ஒத்திவைத்தது என்றாகும். ஒன்றுக்கு ஒன்று என்று விலை எழுதிய பட்டியல் இப்படித்தான் காலை வாருகிறது.

'புட் டௌன்' இன்னும் பொல்லாதது. கையிலிருப்பதைக் கீழே வைக்கலாம். பெயரைப் பட்டியலில் எழுதலாம். வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். சர்க்கார் கலகத்தை அடக்கலாம். நாலு பேர் நடுவில் ஒருவனை மட்டம் தட்டலாம். எல்லாம் அதுதான். குழந்தையைத் தொட்டிலில் போட்டுத் தூங்கவைப்பதும் அதுதான். நாயின் உயிரை முடிப்பதும் அதுதான். 'குழந்தையை இப்போதுதான் புட் டௌன் பண்ணினேன்' என்று ஓர் ஆங்கிலேயத் தாய் சொன்னால், 'கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்' என்று அர்த்தம். என் அக்கா மகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் அந்த ஊர்க் குழந்தைகள் வார்டில் வேலைக்கு நிற்கப்போகிறாள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கிக்கொள்கிறேன். சாமான்களை எடுத்து வைப்பதும், திருடனைச் சிறையில் போடுவதும், பன்னிரண்டு இட்லியை உள்ளே தள்ளுவதும் 'புட் அவே'. கல்யாணச் செலவுக்குச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது 'புட் பை'. டெலிபோனில் இணைப்புக் கொடுப்பது 'புட் த்ரூ'. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவது 'புட் ஃபார்வர்ட்'. அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் தள்ளுவது 'புட் பேக்'.

இதெல்லாம் ஒழுங்கற்ற குப்பை, கணக்கில்லாத பேச்சு என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வினையடைகளைத் தனியே பிடித்துப் பாருங்கள். 'அவுட்' என்றால் வெளியே. வெளியே போனது கண்ணிலிருந்து மறைகிறது, முடிந்துபோகிறது: விளக்கு, நெருப்பு. அல்லது எல்லோரும் பார்க்கும்படி வெளியே வருகிறது: அறிக்கை, செய்தி. அல்லது இருக்கவேண்டிய இடத்தைவிட்டு விலகுகிறது: தோள்பட்டை, முதுகெலும்பு. மனசு தன் இடத்தைவிட்டு விலகினால் மனிதன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். அதற்கும் 'புட் அவுட்' என்றே பெயர். 'அப்' என்றால் மேலே. மேலே வந்தது தெரிகிறது. ஒரு பாத்திரம் விளிம்புவரை மேலே வந்தால் நிரம்பிவிட்டது என்று பொருள். ஆகவே 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடு. எல்லாவற்றுக்கும் இப்படிக் காரணம் கற்பிக்க முடியாது என்பது வாஸ்தவம். 'புட் அப் வித்' ஏன் 'பொறுத்துக்கொள்' ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் நூற்றில் பாதிக்கு மேல் புரிந்துகொள்ள வழி இருக்கும்போது, நூற்றையும் நெட்டுருப் போடச் சொல்வது அக்கிரமம்.

வாக்கியத்திலும் இவற்றுக்கு ஒரு மரியாதை முறை இருக்கிறது. 'புட் அவுட் த லாம்ப்' என்றும் சொல்லலாம், 'புட் த லாம்ப் அவுட்' என்றும் சொல்லலாம். ஆனால் விளக்குக்குப் பதிலாக 'அது' என்று சொல்லும்போது 'புட் இட் அவுட்' என்றுதான் வரும். 'புட் அவுட் இட்' என்று ஆங்கிலேயர் வாயில் வரவே வராது. புதிதாக அறிமுகமாகும் ஆசாமிக்கு எந்த ஆசனமும் கிடைக்கும். முன்பே தெரிந்த 'அது'வுக்கு நடு இடம் மட்டும்தான். இதை அங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே குழந்தை சரியாகச் சொல்கிறது. பேச்சில் அழுத்தமும் பெரும்பாலும் வினைமேல் விழாமல் பின்னால் வரும் வினையடைமேல் விழுகிறது. நாமோ 'புட்' என்று இடித்துச் சொல்லிவிட்டு 'அவுட்'டை விழுங்கிவிடுகிறோம். சேதி முழுவதும் அந்த விழுங்கிய பாதியில் இருக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், என் கதைகளைப் படிக்காதவர். அவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டி என் ஆத்திரத்தைச் சொன்னேன். "சார், வலது பக்கம் உயர்ந்தது, இடது பக்கம் தாழ்ந்தது என்று யார் தீர்மானித்தது?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? அதெல்லாம் கடைத்தெரு இங்கிலீஷ். ஜான்ஸன் எழுதுவாரா? மகான்கள் யாராவது எழுதுவார்களா?" என்றார்.

ஜான்ஸனை அவர் இழுத்தது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. சாமுவேல் ஜான்ஸனைவிடக் கனமான லத்தீன் சொற்களை உருட்டினவர் ஆங்கிலத்தில் குறைவு. அப்பேர்ப்பட்டவரே 1755-ல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில் இந்தச் சேர்க்கைகளுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். வேறு எந்தப் பாஷையிலும் இவ்வளவு அதிகமாக இருக்காது என்றும், அந்நிய தேசத்தாருக்கு மிகப் பெரிய தொல்லை இவற்றால்தான் என்றும், ஆகையால் வெகு சிரத்தையுடன் இவற்றைத் திரட்டி வைத்திருப்பதாகவும் சொல்கிறார். இருநூற்று எழுபது வருஷத்துக்கு முன்பு ஜான்ஸன் நமக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். நம் ஆசிரியர்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

மகான்கள் எழுதுவார்களா என்றால், ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார். ஒதெல்லோ தன் மனைவியைக் கொல்லப் படுக்கையறைக்குள் வருகிறான். கையில் விளக்கு. விளக்கை அணைப்பதற்கும் அவள் உயிரை அணைப்பதற்கும் அவன் சொல்கிற சொல் ஒன்றே. என் வியாசத்தில் அடிபட்ட அதே 'புட் அவுட்'. அந்த நாடகத்தின் கொடூரமான நிமிஷத்துக்கு அந்த இரண்டு குட்டி வார்த்தை போதும் என்று அவர் நினைத்தார். எங்கள் உபாத்தியாயரிடம் படித்திருந்தால் அவருக்கும் இரண்டு மார்க் போயிருக்கும்.

அகராதிக்காரர்களின் சாட்சியும் இருக்கிறது. 1928-ல் நிறைவேறிய ஆக்ஸ்போர்டு பேரகராதியில் மிக நீண்ட பகுதி எந்தப் பெரிய சொல்லுக்கும் அல்ல. 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு. பிற்பாடு திருத்திக்கொண்டு வந்தபோது ஒரு சமயம் 'புட்' முந்திக்கொண்டது. 2011-ல் 'ரன்' அதையும் தாண்டிப் போய்விட்டது. அந்த வினைக்கு 645 பொருள் கண்டிருக்கிறார்கள். அதில் கணிசமான பங்கு, பின்னால் ஒட்டிய வினையடையால் வந்தது. 'எக்ஸ்டிங்குவிஷ்' இந்தப் போட்டியிலேயே இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு தெருக்கோடி ஆசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. மேஜையைத் தட்டி, "ஐ கான்ட் புட் அப் வித் திஸ்!" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

உயர்வு தாழ்வு எங்கிருந்து வந்தது என்பது ரகசியமல்ல. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையில் பிரெஞ்சு, கோயிலிலும் கல்வியிலும் லத்தீன், வயலிலும் அடுக்களையிலும் ஆங்கிலம் என்று ஆயிற்று. அடுக்களையில் தங்கிய வினைச்சொற்கள்தான் இந்தக் குட்டிகள். அரண்மனைச் சொற்களின் கௌரவம் அரண்மனை போன பிறகும் போகவில்லை. நமக்கோ ஆங்கிலம் வாய்வழியாக வரவில்லை. புத்தகத்தின் வழியாக வந்தது. பெரும்பாலோருக்கு அது கோர்ட்டும் கச்சேரியும் காலேஜும் பேசின பாஷை. அடுக்களை ஆங்கிலத்தைக் கேட்க நமக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. கிடைக்காததைத் தாழ்வு என்று சொல்லிக்கொண்டுவிட்டோம்.

அதனால் வந்த விளைவைப் பாருங்கள். காலேஜ் முடித்ததை நாம் 'பாஸ்ட் அவுட்' என்கிறோம். ராணுவப் பள்ளியில் பயிற்சி முடிப்பவர்களைப் பற்றி அங்கேயும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் சாதாரண ஆங்கிலேயனிடம் '2015-ல் நான் பாஸ்ட் அவுட்' என்றால், பாவம், மயக்கம் போட்டு விழுந்தான் போலிருக்கிறது என்று நினைப்பான். 'கோப்' என்ற வினைக்கு வேண்டாத ஓர் 'அப்'பை ஒட்டி 'கோப் அப் வித்' என்கிறோம். வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு, வேண்டாத இடத்தில் போடுகிறோம்.

மயக்கம் என்றதும் ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வருகிறது. இந்தச் சண்டையை நான் பிடிப்பது அகல் விளக்குக்காக மட்டும் அல்ல. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள ஆங்கிலத் தேர்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும் பரீட்சைகளில் ஓ.இ.டி. என்பது ஒன்று. நோயாளியும் வைத்தியரும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுக்கவேண்டும். என் அக்கா மகளுக்கு 'வாமிட்' தெரியும், 'அன்கான்ஷியஸ்' தெரியும், 'டிஸ்லொகேஷன்' தெரியும். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற கிழவர் லத்தீன் பேசுவாரா? 'ராத்திரி பூராவும் த்ரோ அப் பண்ணினேன்' என்பார், வாந்தி. 'பாஸ் அவுட் ஆனேன்' என்பார், மயக்கம். 'கம் ரவுண்ட் ஆனபோது தரையில் கிடந்தேன்' என்பார், தெளிந்தபோது. 'முதுகைப் புட் அவுட் பண்ணிக்கொண்டேன்' என்றால் எலும்பு பிசகிவிட்டது. 'மாத்திரை வேர் ஆஃப் ஆகிவிட்டது' என்றால் மருந்தின் வேகம் இறங்கி வலி திரும்பிவிட்டது. 'நாளைக்கு என்னைப் புட் அண்டர் பண்ணுவார்களா?' என்று ஒரு கிழவி கேட்டால், மயக்க மருந்து கொடுப்பார்களா என்று பயப்படுகிறாள். மண்ணுக்குள் வைப்பதைப் பற்றிக் கேட்கவில்லை. வலியில் இருக்கிறவன் மனசுக்குள் மொழிபெயர்த்துப் பேசமாட்டான். சின்ன வயசில் அம்மாவிடம் எந்த வார்த்தையில் அழுதானோ அந்த வார்த்தையில்தான் அழுவான். அந்த வார்த்தைகளை 'நல்ல நடைக்கு ஆகாது' என்று ஒதுக்கிவிட்டு ஒரு நர்ஸைத் தயார் செய்தால், அவளை அரை வழி பிடித்துத் தள்ளிவிட்டதாகத்தான் அர்த்தம்.

சின்ன வார்த்தை என்றால் சுலபமான வார்த்தை என்று சொல்லி ஏமாற்றவும் எனக்கு இஷ்டமில்லை. அந்தத் தவறு செய்தவர் ஒருவர் இருக்கிறார். 1930-ல் சி. கே. ஆக்டன் என்ற அறிஞர் 'பேஸிக் இங்கிலீஷ்' என்று ஒரு திட்டம் போட்டார். மொத்தம் 850 சொல் போதும். அதில் வினை 18 மட்டுமே என்றார். 1943-ல் ஹார்வர்டில் பேசும்போது சர்ச்சில் அதற்கு ஆதரவு தெரிவித்தார். 'புட்', 'கெட்', 'கிவ்', 'டேக்' முதலிய பதினெட்டோடு வினையடைகளைச் சேர்த்து மற்ற எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்பது யோசனை. முடிக்கலாம்தான். ஆனால் 'புட்' தெரிந்து, 'அப்' தெரிந்து, 'வித்' தெரிந்த ஒருவன் மூன்றையும் கூட்டிப் பார்த்து 'பொறுத்துக்கொள்' என்று விடை கண்டுபிடிப்பானா? எண்ணிக்கையில் 850, கற்கவேண்டியதோ பல ஆயிரம். ஆக்டன் இவற்றைச் சுலபம் என்று நினைத்தார். நம்மவர்கள் மட்டம் என்று நினைக்கிறார்கள். இரண்டு கட்சியும் உட்கார்ந்து கற்பிக்கிற வேலையைத் தட்டிக் கழித்துவிட்டன.

ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை யாரும் உபயோகப்படுத்துவதில்லை. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் வினையடையை ஒட்டுகிறது. தமிழ் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறது. 'புட்' என்பதற்கு மிக நெருங்கிய உறவு நம் 'போடு'. சட்டையைப் போட்டுக்கொள்கிறோம். சிநேகிதனை மேலதிகாரியிடம் போட்டுக்கொடுக்கிறோம். கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறோம். சினிமாவில் வில்லன் ஆளைப் போட்டுத் தள்ளச் சொல்கிறான். 'கொள்' வந்தால் உடுப்பு, 'கொடு' வந்தால் துரோகம், 'தள்ளு' முன்னால் வந்தால் தாமதம், பின்னால் வந்தால் கொலை! எந்தத் தமிழ்க் குழந்தையாவது இதில் தடுமாறியதுண்டா? தின்று தீர்த்தான், எழுதித் தள்ளினான், உளறிக் கொட்டினான், வந்து தொலைந்தான் என்று அம்மா சொல்லும்போது அந்தப் பின்பாதி என்ன செய்கிறது என்று குழந்தைக்கு விளக்க வேண்டியதில்லை. தீர்த்ததும் தள்ளினதும் கொட்டினதும் காதிலேயே ஏறியிருக்கின்றன.

அதே காதை ஆங்கிலத்துக்குத் திருப்பிவிட்டால் போதும். நான் அன்று அப்படித்தான் செய்து பார்த்தேன். 'ஈட் அப்' என்றால் 'தின்று தீர்' என்றேன். அவளே, "அப்படியானால் 'யூஸ் அப்' என்றால் உபயோகித்துத் தீர்ப்பதா? 'ட்ரிங்க் அப்' என்றால் குடித்துத் தீர்ப்பதா?" என்றாள். பட்டியல் இல்லாமலே மூன்று வார்த்தை வந்துவிட்டது.

என் கட்சியின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டப் பத்திரத்தில் ஓர் உரிமை அழிந்துபோவதற்கு 'எக்ஸ்டிங்குவிஷ்' என்றே போடவேண்டும். அங்கே 'புட் அவுட்' சரிப்படாது. வார்டு குறிப்பேட்டில் 'டிஸ்லொகேஷன்' என்றே எழுதவேண்டும். 'புட் அவுட்' என்று எழுதினால் நோயாளியின் தோள் பிசகியதா, மனசு பிசகியதா, அல்லது அவரையே வாசலுக்கு அனுப்பினார்களா என்று அடுத்த வேளைக்கு வரும் நர்ஸ் திகைப்பாள். ஒரே சொல் பத்து வேலை செய்தால் பத்து சந்தேகமும் கூடவே வரும். ஆகவே பெரிய வார்த்தைகளை ஊரைவிட்டுத் துரத்தச் சொல்லவில்லை. காதில் விழுவது சின்ன வார்த்தை, காகிதத்தில் ஏறுவது பெரிய வார்த்தை என்று இரண்டும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நம் வகுப்புகள் காகிதத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் காதை மூடிவிடுகின்றன. கட்டணத்தையோ இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கின்றன.

அன்று மாலை பழைய பட்டியலைக் கிழிக்கப் போனேன். "வேண்டாம் மாமா, அதற்கும் பணம் கொடுத்திருக்கிறேன்" என்று தடுத்துவிட்டாள். புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, 'அப்', 'டௌன்', 'அவுட்', 'ஆஃப்' என்று வினையடைகளைத் தலைப்பாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே வீட்டிலும் வார்டிலும் நடக்கிற சம்பவமாக எழுத ஆரம்பித்தாள். 'டௌன்' தலைப்பின் கீழே முதலில் நாய், அடுத்தாற்போல் குழந்தை.

ஏழு மணிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "'புட் அபான்' என்று ஒன்று பார்த்தேன். அது என்ன?" என்று கேட்டாள்.

தன் நல்ல குணத்தைப் பார்த்து எல்லோரும் வேலையைத் தலையில் கட்டிவிட, ஒன்றும் சொல்லாமல் செய்துகொண்டிருக்கிற ஆளை அப்படிச் சொல்வார்கள் என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா மாதிரி" என்றாள்.